பன்னிரண்டு வயது அத்தான்

அறிவை அளக்கும் பெட்டி பார்ப்பதற்குத் தையல் மிஷின் பெட்டி மாதிரியே இருந்தது. அதே பழுப்பு நிறம், மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு கொக்கி. மெட்ராஸிலிருந்து ரயிலில் அதைக் கொண்டுவந்தவர் போர்ட்டர் கையில்கூடக் கொடுக்காமல், சைக்கிள் ரிக்ஷாவில் மடிமேல் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார். வாட்ச்மேன் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "ஏளா, டைலர் ஒருத்தர் வந்திருக்காரு" என்றார்.

அந்த மனிதரைப் பற்றி இன்றுவரை யார் சொன்னதிலும் இதுதான் சரியான வார்த்தை. ஒரே ஒரு சட்டையைத் தைத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அது யாருக்குப் பொருந்தவில்லையோ அவன் உடம்பில் கோளாறு என்று எழுதிக் கொடுப்பார். சட்டையில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

புதுத் துறைமுகம் திறந்து ஊரே லாரிப் புழுதியில் மூழ்கிக் கிடந்த காலம் அது. உப்பையும் உரத்தையும் கப்பலில் ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு காலை வாரிவிட்டதால் மேலே படிக்கவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் விரல் மட்டும் தேறியது. மிச்சப் படிப்பெல்லாம் முனிசிபல் லைப்ரரியில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துப் படித்ததுதான். அதைவிட அதிகமாகப் படித்தது மனிதர்கள் வாயிலிருந்து. எங்கள் கரைக்காரர்கள் பேச்சைக் கேட்டால் எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

கம்பெனி புதிதாக ஒரு லாரி எடைமேடை போட்டிருந்தது. லாரி ஏறி நிற்கும், முள் நகரும், அதைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு மேசை, தலைக்கு மேலே தகரக் கூரை. அவ்வளவுதான் வேலை. அந்த நாற்காலிமேல் என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு கண்.

அத்தான் தோணி ஆள். கொழும்புக்குச் சரக்கு கொண்டு போகிற பாய்த் தோணியில் பதினேழு வயதில் ஏறியவர். முந்தின வருஷம் பாய்மரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. நடக்கலாம், நிற்கலாம், மடக்க முடியாது. மாதா கோவிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது இவர் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்பார். "சாமி என்னை மட்டும் நிக்க வச்சுக் கேள்வி கேக்குது" என்பார். இன்னொரு தடவை விழுந்தால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், அக்கா, ஒட்டிக்கொண்ட நான். கரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்காவிட்டால் திரும்பத் தோணிதான். தோணியில் கால் மடங்காதவன் நிலைமை என்ன என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

எழுதப் படிக்கத் தெரியும், முள்ளைப் பார்க்கத் தெரியும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் எங்கள் மேனேஜர் பம்பாயில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்து, இனிமேல் ஆள் எடுப்பதெல்லாம் விஞ்ஞான முறைப்படிதான் என்று முடிவு கட்டியிருந்தார். பம்பாய்க்குப் போனவர்கள் சிலர் ஜுரத்தோடு வருவார்கள், இவர் விஞ்ஞானத்தோடு வந்தார். அதன் பலன்தான் பெட்டியும் பெட்டிக்காரரும். 'அளவு சார்' என்று தோணிக்காரர்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அளவு சாருக்கு வடக்கே எங்கேயோ வளர்ப்பு. தமிழ் பேசுவார், ஆனால் எங்கள் ஊர்த் தமிழ் காதில் ஏறாது. "வாரான், சொல்லுதான்" என்றால் முழிப்பார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லவும், சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கவும் என்னைப் போட்டார்கள்.

முதல் நாளே டீ குடித்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார். மனிதனுக்குள்ளே பொதுவான அறிவு என்று ஒன்று இருக்கிறதாம். கணக்குப் போடுவதும், கதை சொல்வதும், படம் பார்த்துப் புரிந்துகொள்வதும் எல்லாம் அந்த ஒரே ஊற்றிலிருந்து வருகிறதாம். ஒன்றில் கெட்டிக்காரன் எல்லாவற்றிலும் கெட்டிக்காரனாக இருப்பானாம். நான் எங்கள் மேனேஜரின் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தேன். கணக்கில் புலி. சட்டைப் பித்தானை வரிசையாகப் போடத் தெரியாது.

"பிறக்கும்போது எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவுதான், அம்மா. அது கூடாது, குறையாது. நான் செய்வது அதை அளந்து சொல்வது மட்டும்தான்" என்றார்.

"ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரியா சார்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "ஏறக்குறைய" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை முடிந்துபோயிற்று.

பரீட்சை நாளன்று அத்தானோடு அவருடைய தோணி ஆட்கள் மொத்தப் பேரும் வந்துவிட்டார்கள், தண்டல் உட்பட. தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர், அவர் வைத்ததுதான் கடலில் சட்டம். அந்த வருஷம் கொழும்புச் சரக்கு குறைந்து பாதித் தோணிகள் நங்கூரத்தில் கிடந்தன. ஆனால் அவர்கள் வேலை தேடி வரவில்லை. எடைமேடை அத்தானுக்குத்தான் என்று டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டார்கள். அவன் கால் போச்சு, அவன் உட்காரட்டும், அவ்வளவுதான் பேச்சு. பிறகு எதற்கு எல்லாரும் வந்தார்கள் என்றால், ஒரு தோணி ஆளை மட்டும் தனியாக எங்கேயும் அனுப்புகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. கோர்ட்டானாலும் கல்யாணமானாலும் கூட்டமாகத்தான் வருவார்கள். வந்தவர்களையெல்லாம் மேனேஜர் மனு போட்டவர்கள் என்று எண்ணிக்கொண்டார். அளவு சாருக்கு வாயெல்லாம் பல்.

ஒவ்வொருவராக உள்ளே அழைத்து வாயால் கேட்கிற பரீட்சை அது. முதலில் தண்டல்தான் வருவார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சலவை வேட்டி, நெற்றி நரையில் எண்ணெய் வழிய வந்து உட்கார்ந்தார்.

"கப்பலுக்கும் ரயிலுக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்டார் அளவு சார்.

தண்டல் நிதானமாக யோசித்தார். "ரெண்டும் சொன்ன நேரத்துக்கு வராது" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு படம் வந்தது. வயதான ஒருவர் முகம், ஒரு காது வரையப்படவில்லை. இந்தப் படத்தில் என்ன இல்லை என்று சொல்ல வேண்டும். தண்டல் படத்தைக் கையில் வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பாவம், இந்த மனுசனுக்குத் தூக்கம் இல்ல."

"மழை வரும்போல் இருக்கிறது. வெளியே கிளம்புகிறீர்கள். என்ன எடுத்துக்கொள்வீர்கள்?"

"தார்ப்பாய்."

"குடை இல்லையா?"

"குடைய வச்சு எத்தன மூட்டைய சார் மூட முடியும்?"

பிறகு எண்கள். அவர் மூன்று நான்கு எண்களைச் சொல்வார், அதைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். தண்டல் முகம் மாறிவிட்டது. "அது ஆகாது சார். தோணியில சரக்கு எண்ணும்போது திருப்பி எண்ண மாட்டோம். எண்ணினா சரக்கு கடலுக்குப் போயிரும்."

"இங்கே சரக்கே இல்லையே."

"அப்ப எதுக்கு எண்ணச் சொல்லுதிய?"

இப்படியே அரை மணி நேரம். தண்டல் எழுந்து வெளியே போய்ப் பீடியைப் பற்றவைத்தார். கோடவுன் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. கப்பலும் ரயிலும் நேரத்துக்கு வராது, கிழவனுக்குத் தூக்கமில்லை, மழைக்குத் தார்ப்பாய், திருப்பி எண்ணாதே. ஒரு தடவைதான் சொன்னார். தோணியில் ஒரு தடவைதான் சொல்வார்களாம்.

காப்பி அடித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காப்பி அடிக்கிறவன் தனக்கு மார்க் வேண்டும் என்று அடிப்பான். இவர்களுக்கு அந்த எண்ணமே கிடையாது. கடலில் காற்று திரும்பும்போது தண்டல் ஒன்று சொல்ல, ஒருவன் தன் இஷ்டத்துக்கு ஒரு கயிற்றை இழுத்தால் எல்லாரும் சேர்ந்து முழுக வேண்டியதுதான். தெரியாத துரை ஒருவர் முன்னால், தெரியாத பெட்டிக்கு எதிரே, பதினொரு பேரும் தங்களுக்குத் தெரிந்த பத்திரமான வழியில் போனார்கள். தண்டல் என்ன சொன்னாரோ அது. அவர் சொன்னது தவறு என்று தெரிந்தவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியாக வந்த அத்தானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இந்த மனுசனுக்குத் தூக்கம் இல்ல" என்றார்.

நான் அளவு சாரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறிவை அளக்க வந்தவர். அடுத்தடுத்துப் பதினொரு பேர் ஒரு கிழவர் படத்தைப் பார்த்துத் தூக்கம் இல்லை என்கிறார்கள். எங்கள் வாட்ச்மேன் அண்ணாச்சியாக இருந்தால் மூன்றாவது ஆளிலேயே வெளியே எட்டிப் பார்த்திருப்பார். இவர் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கம். புதையல் எடுத்தவர்களுக்கு இருக்குமே, அந்த நடுக்கம். கடற்கரைச் சமூகத்தில் அறிவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதே இல்லை என்றும், தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் செய்ததால் இந்தச் சீர்மை உண்டாகியிருக்க வேண்டும் என்றும், உலகத்தில் வேறு யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை என்றும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். நான் அடித்துக்கொண்டே போனேன். அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள், ஒருவர் கீழக்கரைக்காரர், இன்னொருவர் கேரளாவிலிருந்து ஓடிவந்தவர். தாத்தா பெயரைக்கூடக் கேட்காமலே பரம்பரையைக் கண்டுபிடித்துவிட்டார்.

கடைசிப் பத்தியில் தீர்ப்பு இருந்தது. இவர்கள் அனைவரின் மன வயது பன்னிரண்டு. எடைமேடை போன்ற பொறுப்பான வேலைக்கு யாரும் தகுதி இல்லை.

அதையும் என் விரல்தான் அடித்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வயசுப் பயலுக்கா என்னைக் கட்டி வச்சாவ? கோயில்ல சாமியாரு கல்யாண ஓலை படிக்கும்போது இத யாரும் சொல்லலையே!"

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பன்னெண்டு வயசுல நான் நல்லாத்தான் இருந்தேன். காலு மடங்கிச்சு" என்றார்.

"அது எப்பிடிளா கணக்குப் போடுதாவ?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

சொன்னேன். மன வயதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், அதுதான் அறிவு எண். அத்தானுக்கு முப்பத்தாறு. அக்கா என்னைவிட ஒரு வகுப்பு குறைவாகப் படித்தவள். ஆனாலும் மனக்கணக்கில் கெட்டி.

"முப்பத்தி மூணா? சரி. அடுத்த வருசம் இவருக்கு முப்பத்தேழு ஆயிருமே. அப்ப இன்னும் குறையுமோ? கெழவனானா ஒண்ணுமே மிஞ்சாது போலிருக்கே!"

அவள் மீனைக் கழுவிக்கொண்டே கேட்ட இந்தக் கேள்வியைப் படித்தவர்கள் நெடுநாள் முன்பே கேட்டு, பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது என்று தூக்கிப் போட்டிருந்தார்கள் என்பது பின்னால் லைப்ரரியில் ஒரு புத்தகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அளவு சார் தன் தொழில் புத்தகத்தையே முழுசாகப் படிக்காதவர். பாதி படித்தவனைப் போல அகங்காரம் பிடித்தவன் உலகத்தில் இல்லை. நானும் பாதி படித்தவள்தான், அதனால் அந்த ஜாதியை எனக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.

மறுநாள் அவரிடமே சொன்னேன். "சார், அவங்க எல்லாரும் தண்டல் சொன்னதைத்தான் சொன்னாங்க. அவங்க சொந்தப் பதில் இல்ல."

அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "அம்மா, ஒரு வேலைக்குப் பதினொரு பேர் போட்டி. போட்டிக்கு வந்தவன் இன்னொருத்தனுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பானா? மனித இயல்பே அது இல்லையே."

மனித இயல்பு! அது எந்தப் பெட்டியில் வந்தது என்று தெரியவில்லை.

ஆனால் மேனேஜருக்கு வேறு கவலை. எடைமேடைக்கு ஓர் ஆள் வேண்டும், ரிப்போர்ட்டில் ஆளே இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, விருப்பம் உள்ளவர்கள் இன்னொரு தடவை பரீட்சைக்கு வரலாம் என்று சொல்லச் சொன்னார். நான் ஓடிப்போய் வீட்டில் சொன்னேன். அத்தான் முடியவே முடியாது என்றுவிட்டார்.

"உங்களுக்குப் பதில் தெரியாதா அத்தான்?"

"தெரியும். அந்தக் கெழவனுக்குக் காது இல்ல. மொத பார்வையிலேயே கண்டேன்."

"பெறவு என்ன?"

"நான் போயி காது இல்லன்னு சொன்னா, தண்டலு சொன்னது தப்புன்னு ஆயிரும்லா. எம் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது கையில ஏந்துன ஞானத்தகப்பன் அவரு. அவரு தோணியில பதினெட்டு வருசமா சோறு தின்னுருக்கேன். ஒரு நாக்காலிக்காக அவர முட்டாளாக்கச் சொல்லுதியா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பழைய துறைமுகத்து டீக்கடையில் தண்டல் தோணி ஆட்களோடு உட்கார்ந்திருந்தார். பொம்பளைகள் நிற்கிற இடம் இல்லை அது. அக்கா நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு கெழவன் படத்துக்குக் காது இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியலையா?"

"ஏளா, அது பெரிய கதை. அந்த ஆளு மொகத்தப் பாத்தா..."

"தூக்கமில்லாதவன் எம் புருசன். ராத்திரி முழுக்க அந்தக் கால வச்சுக்கிட்டு முனங்குதாரு. நீங்க சொன்னதத்தான் சொல்லுவாராம், மாத்திச் சொன்னா உங்க கவுரவம் போயிருமாம். உங்க கவுரவம் எங்க வீட்டுல ஒல கொதிக்க வைக்குமா அண்ணாச்சி?"

டீ ஆற்றுகிறவர் டம்ளரைத் தூக்கியபடியே நின்றார். தண்டல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் பதிலால்தான் வேலை போயிற்று என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில் என்றால் யாருக்கும் ஆபத்தில்லை, வேலை எப்படியும் பேசியபடி அவனுக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் காதப் பாக்கவே இல்லளா" என்றார் மெதுவாக. "கண்ணத்தான் பாத்தேன்." பிறகு பக்கத்தில் இருந்த ஆளிடம் திரும்பினார். "ஏலே, போயி அவன்கிட்டச் சொல்லு. தண்டலு சொன்னாருன்னு சொல்லு. அவன் மனசுல என்ன படுதோ அதச் சொல்லணும். திருப்பி எண்ணச் சொன்னா எண்ணிரணும். கரையில எண்ணினா பாவம் இல்ல. அப்பிடி ஏதும் பாவம் வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

உத்தரவு வந்துவிட்டது. மறுநாள் காலை அத்தான் தனியாக அளவு சார் முன்னால் உட்கார்ந்தார். நானும் இருந்தேன். ஆனால் எடுத்துச் சொல்வதற்கு எனக்கு வேலையே வரவில்லை. கப்பலும் ரயிலும் ஆளையும் சரக்கையும் கொண்டுபோவது. கிழவருக்குக் காது இல்லை. ஒற்றை ஆளாகப் போனால் குடை, மூட்டை இருந்தால் தார்ப்பாய், எது என்று நீங்கள் சொல்லவில்லையே என்றார். எண்களை முன்னாலும் பின்னாலும் சொன்னார், ஒவ்வொரு தடவை திருப்பிச் சொல்வதற்கு முன்னும் நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு. வண்ணக் கட்டைகளைக் கொடுத்துப் படத்தில் இருப்பது மாதிரி அடுக்கச் சொன்னதற்கு, சரக்கு அடுக்குகிறவர்களுக்கே உள்ள எரிச்சலோடு டக் டக்கென்று வைத்து முடித்தார்.

அளவு சார் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் கூட்டினார். மன வயதெல்லாம் எங்கேயோ ஏறிப் போய்விட்டது. சாதாரண ஆளைவிட ஒரு படி மேலேயே இருந்தார் அத்தான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனி நாற்காலியில் அத்தான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

அளவு சார் பென்சிலை மேசைமேல் வைத்தார். "இது சாத்தியமில்லை" என்றார்.

"என்ன சார்?"

"போன வாரம் பன்னிரண்டு. இந்த வாரம் இவ்வளவு. அறிவு ஏறாது, அம்மா. மாறாத ஒன்று. ஒரு வாரத்தில் மாறிவிட்டது என்றால் மாறியது அறிவு இல்லை. யாரோ பதிலைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், சொல்லிக் கொடுத்தது போன வாரம். இதுதான் அவர் சொந்தமாச் சொன்னது. நான் அன்னைக்கே சொன்னேனே!"

"நீங்கள் அவருக்குச் சொந்தம். உங்கள் சாட்சி செல்லாது."

பாருங்கள் இந்த நியாயத்தை. கடன் வாங்கிய பதில் சொந்த அறிவாம். சொந்தப் பதில் திருட்டாம். ஏனென்றால் அவர் புத்தகத்தில் அறிவு ஏறாது என்று போட்டிருக்கிறது. எடைமேடையில் முதல் லாரி ஏறும்போது முள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, தட்டிவிட்ட பிறகு சரியாகக் காட்டுகிறது என்றால், லாரிமேல் கேஸ் போடுவோமா? தராசைத்தானே பார்ப்போம்? ஆனால் தராசு மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறது, லாரி உள்ளூர்.

அத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லுதாரு?" என்றார்.

"உங்களுக்குப் பன்னெண்டு வயசுதான்னு சொல்லுதாரு."

"இப்பவுமா?" என்றவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அளவு சாருக்கு ஒரு கும்பிடு போட்டார். அந்த மனிதருக்கு அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

முதல் ரிப்போர்ட்டே நின்றது. அதோடு, இந்த ஆளின் நேர்மையும் சந்தேகத்துக்கு உரியது என்று ஒரு வரி சேர்ந்தது. மேனேஜரிடம் போய் அழாத குறையாகப் பேசினேன். "விஞ்ஞானம் சொல்லுது, நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கையை விரித்தார். பத்து நாளில் மதுரைப் பக்கத்திலிருந்து அவர் வீட்டம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி வந்து எடைமேடையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பரீட்சை இல்லை. பி.ஏ. படித்தவனுக்கு எதற்குப் பரீட்சை என்றார்கள். அவன் படத்துக் கிழவரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ, கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

அதற்குப் பிறகு பிடிவாதமாக லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைவலியோடு படித்தேன். அறிவு ஒன்றே என்கிறது ஒரு கட்சி. இல்லை, தனித்தனியாக ஏழெட்டு இருக்கிறது என்கிறது இன்னொன்று. வேறொருவர் அதை நூற்றுக்கு மேற்பட்ட அறைகளாகத் தடுத்து, பாதி அறையில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருக்கிறார். அறிவு என்றால் என்ன என்று கேட்டால், இந்தப் பரீட்சை எதை அளக்கிறதோ அதுதான் என்று ஒருவர் கூசாமல் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் மார்க்கெட்டில் மீன்காரி, "என் தராசுல எவ்வளவு காட்டுதோ அதுதான் கிலோ" என்றால் செருப்பு பறக்கும். புத்தகத்தில் சொன்னால் பேராசிரியர்.

இதில் எனக்கு வயிறெரிந்த விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பரீட்சையை முதன்முதலில் செய்த அயல்நாட்டு மனிதர், பள்ளிக்கூடத்தில் பின்தங்குகிற பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுப்பதற்காகத்தான் செய்தாராம். இது பிறவி அளவு இல்லை, பயிற்சியால் பிள்ளை மேலே வரும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாராம். பின்னால் வந்தவர்கள் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவர் சொன்ன எச்சரிக்கையைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பெட்டிக்குத்தானே கைப்பிடி இருக்கிறது.

அத்தானுக்குக் கரையில் வேறு வேலை கிடைக்கவில்லை. உப்பளத்தில் குனிய வேண்டும், கோடவுனில் தூக்க வேண்டும், வாட்ச்மேன் வேலைக்கு எங்கள் அண்ணாச்சி இருந்தார். மார்கழி முடிந்து தோணிக்குச் சரக்கு வந்தபோது தண்டலே வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடி, அத்தானைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"சமையலுக்கு ஆள் வேணும்ளா. அடுப்புகிட்ட உக்காந்தே செய்யலாம்."

"அவருக்கு வெந்நி வைக்கத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். பயலுவ தின்னுதானே ஆவணும்."

"பாய்மரத்துல ஏத்த மாட்டியளே?"

"ஏத்தினா எங் கால வெட்டு."

தோணி கிளம்பிய காலையில் அக்காவும் நானும் பழைய துறைமுகத்துக்குப் போனோம். மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பின்பக்கத்தில் மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு, அதன் பக்கத்தில் ஒரு பலகைமேல் அத்தான். மடங்காத கால் நடைபாதைக்குக் குறுக்கே நீண்டு கிடந்தது. கயிறு இழுக்க ஓடுகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவன்கூட எடு என்று சொல்லவில்லை. அடுப்பு பற்றாமல் புகைந்தது. அத்தான் ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பாய் ஏறித் தோணி நகர்ந்த பிறகும் அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காத்து அடிச்சா கயிறு பிடிக்க எழும்பி நிப்பாருளா இவரு" என்றாள். "தண்டலு வேண்டாம்னு சொன்னாலும் நிப்பாரு."

எனக்கும் அது தெரியும். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அக்கா நகராததால் நானும் நின்றேன்.